கூடம் கோணல்தான்

போன மாதம் எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் ஒரு சண்டை. காணிப் பிரச்சினை இல்லை, சீதனப் பிரச்சினை இல்லை. கோல்ஃப் மட்டை.

ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சாள் இரண்டு வருசமாகக் கோல்ஃப் விளையாடுகிறாள். வேலை செய்யிற இடத்தில் எல்லாரும் விளையாடுகிறார்கள், கோடை காலத்தில் முக்கியமான கதைகள் எல்லாம் புல்வெளியில்தான் நடக்குது, அலுவலகத்தில் இருந்தால் விஷயம் முடிந்த பிறகுதான் காதுக்கு வரும் என்று தொடங்கினவள். பிறகு விளையாட்டே பிடித்துப் போய்விட்டது. போன மாதம் தன் உடம்புக்கு அளவெடுத்துச் சரி செய்த மட்டைகளின் படத்தைக் குறூப்பில் போட்டாள். பத்து நிமிசத்தில் லண்டன் சித்தப்பாவின் பதில் வந்தது:

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக. பெரியம்மாவும் ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தா.

அன்றைக்கு நான் குறூப்பில் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். சித்தப்பா, அந்தக் கூடம் உண்மையிலேயே கோணல்தான். நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"கோல்ஃபோ? எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறவர்களுக்கு முதலே ஒன்று சொல்லி விடுகிறேன். நானும் மட்டை பிடித்ததில்லை. நுவரெலியாவுக்கு ட்ரிப் போனபோது ரோட்டில் நின்று அந்தப் பச்சையைப் பார்த்ததோடு சரி. 1889இல் வெள்ளைக்காரர் தங்களுக்காகத் தொடங்கிய கிளப் அது. இது காசுக்காரரின் விளையாட்டு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் காசு தாராளமாகப் புழங்குகிற இந்த விளையாட்டிலேயே ஒரு பெண்ணின் உடம்புக்குப் பொருந்துகிற கருவியைக் கேட்பது சாக்குப்போக்காகப் பார்க்கப்படுகிறது என்றால், காசில்லாத எங்கட மைதானங்களில் என்ன நடக்கும்? அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மச்சாளின் கதையை முதலில் முழுதாகக் கேளுங்கோ.

அவள் தொடங்கியபோது பிடித்தது தன் மனுசனின் மட்டைகளை. அவர் ஆறடி இரண்டு அங்குலம். அந்த மட்டைகள் கடையில் சும்மா எடுத்தவை இல்லை. அவருடைய உயரத்துக்கு நீளம் கூட்டி, கோணம் மாற்றி, அவருடைய வேகத்துக்கு இறுக்கமான தண்டு போட்டு, காசு குடுத்து அளவெடுத்துச் செய்தவை. அப்போது குறூப்பில் ஒருவரும் பழமொழி சொல்லவில்லை. "நல்ல சாமான், கவனமா வைச்சுக்கொள்ளும் தம்பி" என்றுதான் சித்தப்பா எழுதினவர். நான் மேலே போய்த் தேடிப் பார்த்தேன். இருக்கு.

மச்சாள் ஐந்தடி எட்டு. அந்த மட்டையால் அடித்த பந்து எல்லாம் இடப்பக்கம் போனது. "தோளைத் திருப்பு", "தலையைத் தூக்காதே", "பந்தைப் பார்" என்று ஆளுக்கொரு புத்தி. அவளும் ஒரு கோடை முழுக்க வலப்பக்கம் குறி வைத்து நேரே அடிக்கப் பழகினாள். ஒரு பிழையை இன்னொரு பிழையால் திருத்துகிற வித்தை.

இரண்டாம் வருசம் கடையில் "லேடீஸ் செட்" ஒன்று வாங்கினாள். பெட்டியோடு வருவது. பைக்கு ஊதா நிறம். கடைக்காரர் அவளுடைய உயரத்தைக் கேட்கவில்லை, கையை அளக்கவில்லை, ஒரு பந்து அடித்துக் காட்டச் சொல்லவும் இல்லை. பெண் என்று தெரிந்தது, அது போதுமாயிருந்தது. அந்த மட்டைகள் அவளுக்குக் கட்டை. குனிந்து குனிந்து அடித்து நாரி நோ வந்ததுதான் மிச்சம். பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்தாட்டம் ஆடின தோள் அவளுக்கு. அந்தத் தோள் சுழற்றும்போது மெல்லிய தண்டு தென்னை ஈர்க்கு மாதிரி வளைந்தது. பந்து இப்போது இடமும் போனது, வலமும் போனது.

ஆணுக்கு அளந்த மட்டை ஒன்று. எந்தப் பெண்ணையும் அளக்காமலே "பெண்ணுக்கு" என்று பெயர் போட்ட மட்டை இன்னொன்று. இரண்டும் அவளுக்குப் பொருந்தவில்லை. இரண்டு தடவையும் பிழை அவளுடையது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

இப்போது கருவியைப் பற்றிக் கொஞ்சம். பொறுமையாக வாசியுங்கோ, இதில் ரொக்கட் விஞ்ஞானம் இல்லை.

கோல்ஃப் மட்டையின் தலை தரையில் தட்டையாக இருக்கவேண்டும். தண்டு உங்களுக்கு மிஞ்சி நீளமாகவோ நிமிர்ந்தோ இருந்தால், அடிக்கும்போது தலையின் நுனி மேலே தூக்கும். நுனி தூக்கினால் முகம் இடப்பக்கம் திரும்பும் (வலக்கைக்காரருக்கு). தண்டு கட்டையாகவோ சரிந்தோ இருந்தால் நுனி தாழும், முகம் வலப்பக்கம் திரும்பும். தலைக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள இந்தக் கோணத்தை "லை" என்பார்கள். இது 3 பாகை பிழைத்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 34 பாகை சாய்வுள்ள ஏழாம் இலக்க அயர்ன் ஒன்றில் முகம் ஏறக்குறைய 2 பாகை திரும்பும். 110 மீற்றர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 4 மீற்றர் விலகல். முகம் நன்றாக மல்லாந்த, 56 பாகை சாய்வுள்ள வெட்ஜ் என்றால் இன்னும் மோசம். வெறும் 65 மீற்றரிலேயே 5 மீற்றர் விலகும்.

கவனியுங்கோ, இது நீங்கள் ஒரு பிழையும் விடாமல் அடித்தால். உங்கள் கை, தோள், இடுப்பு எல்லாம் கச்சிதமாக வேலை செய்தாலும் பந்து 4 மீற்றர் தள்ளித்தான் போகும். இதைப் பயிற்சியால் திருத்த ஏலாது. பயிற்சியால் செய்யக்கூடியது ஒன்றுதான்: கோணலுக்கு ஏற்றபடி உடம்பைக் கோணலாக்குவது. மச்சாள் ஒரு கோடை முழுக்கச் செய்தது அதைத்தான்.

கோணத்தோடு இன்னும் நாலு விஷயம் இருக்கு: நீளம், எடை, பிடியின் பருமன், தண்டின் நெகிழ்வு. மெதுவாகச் சுழற்றுகிறவருக்கு டிரைவரின் முகம் கொஞ்சம் அதிகம் மல்லாந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து எழும்பாமலே விழுந்துவிடும். பிடி கைக்குப் பெருத்தால் மணிக்கட்டு வேலை செய்யாது. சிறுத்தால் கை தேவைக்கு மேலே இறுக்கிப் பிடிக்கும். தண்டின் நெகிழ்வில் ஒரு பகிடி இருக்கு. L, A, R, S, X என்று எழுத்துப் போட்டு விற்கிறார்கள். L என்றால் லேடீஸ். ஆனால் எந்த எழுத்து எவ்வளவு நெகிழ்வு என்று எல்லாக் கொம்பனிக்கும் பொதுவான ஒரு அளவுகோல் கிடையாது. ஒருவரின் R இன்னொருவரின் S ஆக இருக்கலாம். அளவே இல்லாத இடத்தில் பால் மட்டும் இருக்கு.

இந்த L எழுத்தின் பின்னால் இருக்கிற கற்பனைப் பெண் யார் என்று பார்ப்போம். ட்ராக்மான் என்ற ராடார் கருவியின் அளவீடுகள் பரவலாகத் தெரிந்தவை. அமெரிக்க ஆண்கள் தொழில்முறைச் சுற்றில் டிரைவரைச் சுழற்றும் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 113 மைல். பெண்கள் தொழில்முறைச் சுற்றில் சுமார் 94 மைல். "பாத்தியா, வித்தியாசம் இருக்குத்தானே" என்று சித்தப்பா சொல்லுவார். இருக்கு. ஆனால் அதே கருவியின்படி வார இறுதியில் விளையாடுகிற சாதாரண ஆணின் சராசரி வேகமும் ஏறக்குறைய 93 மைல்தான். அதாவது உலகின் மிகச் சிறந்த பெண்களும் பக்கத்து வீட்டு அங்கிளும் ஒரே வேகம். கடை அங்கிளுக்கு R தண்டைக் காட்டும், பெண்ணுக்கு L தண்டைக் காட்டும். மட்டைக்குத் தெரிவது வேகம், உயரம், கை. அதைப் பிடித்திருப்பவர் ஆணா பெண்ணா என்பது மட்டைக்குத் தெரியாது. கடைக்கு அது மட்டும்தான் தெரிகிறது.

கனடாவின் புரூக் ஹென்டர்சனை எடுங்கோ. 2016இல் 18 வயதில் பெண்களுக்கான பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றவர், 2022இல் எவியன் சாம்பியன்ஷிப்பையும் வென்றவர். உயரம் ஐந்தடி நாலு. அவருக்குக் கட்டையான மட்டைதான் பொருந்தும் என்று எந்தக் கடையும் சொல்லும். அவரோ விதிகள் அனுமதிக்கிற உச்ச நீளமான 48 அங்குல டிரைவரைத்தான் வருடக்கணக்காக வைத்திருந்தார், கையைப் பிடியில் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு. தொழில்முறைப் போட்டிகளுக்கு 46 அங்குலம் என்ற எல்லை வந்த பிறகுதான் அதைச் சுருக்க வேண்டி வந்தது. தன் உடம்போடு பரிசோதித்துத் தனக்குப் பொருந்துவதைக் கண்டுபிடித்த ஒரு பெண் அவர். "லேடீஸ்" என்ற பெட்டிக்குள் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். லேடீஸ் செட் முழுப் பொய் இல்லை. எடை குறைவு, சாய்வு அதிகம், நீளம் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைவு. ஐந்தடி இரண்டு அங்குலம் உயரத்தில் மெதுவாகச் சுழற்றுகிற ஒருவருக்கு அது கணவரின் பழைய மட்டையை விட எவ்வளவோ நல்லது. பிரச்சினை அந்த மட்டையில் இல்லை, அது எல்லாப் பெண்ணுக்கும் உரியது என்ற நினைப்பில்தான். தர்ஜினி சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கோ. யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்து, 2018இல் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வெல்லும்போது கோலுக்குக் கீழே நின்றவர். உயரம் ஆறடி பத்து அங்குலம். அவரும் ஐந்தடி ஒரு அங்குலம் உள்ள நானும் எந்தக் கடையில் ஒரே "பெண்கள் அளவு"? பெண் என்பது ஒரு அளவு இல்லை. அதேபோல, கட்டையான ஒரு ஆண் பிள்ளைக்கும் "ஆண்கள் செட்" கோணல்தான். அளவெடுப்பதைக் கேட்பது பெண்களுக்குச் சலுகை கேட்பது ஆகாது.

இப்போது எதிர்க் கேள்விகள்.

முதலாவது: "இதெல்லாம் காசு பிடுங்கிற வியாபாரம்." பாதி உண்மை. ஒரு மணித்தியாலம் ராடாருக்கு முன்னால் நிற்க வைத்து, கடைசியில் ஆக விலை கூடின தண்டைத் தலையில் கட்டி விடுகிற இடங்கள் உண்டு. இன்னும் சீராகச் சுழற்றவே பழகாத ஒருவருக்கு மில்லிமீற்றர் கணக்கில் மட்டை செய்து குடுப்பதும் வீண். அடுத்த வருசம் அவர் வேறு மாதிரி ஆடுவார். ஆனால் மச்சாள் என்ன செய்தாள் என்று கேட்டால் சித்தப்பா ஆச்சரியப்படுவார். புதுசு ஒன்றும் வாங்கவில்லை. பழைய செட் ஒன்றை, "ஆண்கள்" என்று போட்டு விற்றதை, குறைந்த விலைக்கு எடுத்தாள். பயிற்றுவிப்பாளர் ஒருவர் அவள் நின்றபடி மணிக்கட்டிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளந்தார், அடிக்க விட்டுப் பார்த்தார். நீளத்தில் துளி வெட்டி, கழுத்தில் கொஞ்சம் வளைத்து, பிடியை மாற்றிக் குடுத்தார். ஊதா நிறப் பெட்டியின் விலையை விட மொத்தச் செலவு குறைவு.

இந்த வித்தையும் நேற்று முளைத்ததில்லை. பிங் கொம்பனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சொல்ஹைம் ஒரு பொறியியலாளர். அவருடைய கொம்பனி 1970களிலேயே மட்டையில் நிறப்புள்ளி வைத்து, எந்த உடம்புக்கு எந்தக் கோணம் என்று பிரித்துக் கொடுத்தது. கறுப்புப் புள்ளி பொது அளவு, மற்ற நிறங்கள் நிமிர்ந்தவை, சரிந்தவை. அதே மனிதரின் பெயரில்தான் 1990இலிருந்து ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் மோதுகிற சொல்ஹைம் கிண்ணம் நடக்கிறது. ஐம்பது வருசப் பழைய அறிவு இது. பெண் கேட்டால் மட்டும் புதுப் பகட்டு ஆகிவிடுகிறது.

இரண்டாவது: "கெட்டிக்காரர் எதாலயும் அடிப்பினம். அந்தக் காலத்தில வெறுங்காலோட ஓடினவை." இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை எங்கட ஊரில் இல்லை. வெறுங்காலோடு ஓடி வென்றவரை நாங்கள் மேடையில் ஏற்றி மாலை போடுகிறோம். வெறுங்காலோடு ஓடி, கால் வெடித்து, மூன்றாம் நாள் மைதானத்துக்கு வராமல் விட்டவரை யார் எண்ணினார்கள்? வென்றவரை மட்டும் எண்ணிவிட்டு, சப்பாத்துத் தேவையில்லை என்று முடிவெடுப்பது கணக்கு இல்லை. அது கதை.

மூன்றாவது, எனக்குச் சிரிப்பு வருகிற ஒன்று: "பெண்களுக்கெண்டு தனி அளவு கேட்டா அது சமத்துவம் இல்லையே." விளையாட்டு உலகம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது ஐயா. ஈட்டி ஆண்களுக்கு 800 கிராம், பெண்களுக்கு 600 கிராம். கிரிக்கெட் பந்து ஆண்களுக்கு 156 முதல் 163 கிராம் வரை, பெண்களுக்கு 140 முதல் 151 வரை. கூடைப்பந்தும் பெண்களுக்கு ஒரு அளவு சின்னது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பிள்ளை 600 கிராம் ஈட்டி எறியும்போது "எறியத் தெரியாதவள் ஈட்டி பாரம் எண்டாளாம்" என்று எந்த ரீச்சரும் சொல்வதில்லை. எறிகிற சாமானில் ஒப்புக்கொண்டதைப் பிடிக்கிற சாமானிலும் போடுகிற சாமானிலும் ஒப்புக்கொள்ள என்ன தடை?

அதைவிட, நாங்கள் அளவு குடுத்துத் தைக்கிற சனம். சாறி பிளவுஸை ரெடிமேட்டாக வாங்கினால் எங்கட அம்மாக்கள் முகம் சுளிப்பினம். கைக்கு ஒரு அளவு, கழுத்துக்கு ஒரு அளவு, முதுகுக்கு ஒரு அளவு, அரை அங்குலம் பிசகினால் தையல்காரியின் வாசலில் போய் நிற்பினம். பிளவுஸ் இறுகினால் "நீ இன்னும் கொஞ்சம் பயிற்சி எடு, பொருந்தும்" என்று ஒருவரும் சொல்வதில்லை. பெண்ணின் உடம்பு கலியாண வீட்டில் நிற்கப்போகிறது என்றால் அங்குலம் அங்குலமாக அளப்போம். அதே உடம்பு மைதானத்தில் ஓடப்போகிறது என்றால் அண்ணன்காரனின் பழசு போதும்.

இங்கேதான் என் சொந்தக் கதை வருகிறது.

எங்கட பள்ளிக்கூடத்தில் பெட்டையளுக்கு உதைபந்தாட்ட அணி தொடங்கியபோது எனக்குப் பதினாலு வயது. பூட்ஸ் வந்தது. பொடியளின் அணி பாவித்து விட்டதா, ஆரோ அன்பளிப்புச் செய்ததா, தெரியாது. எல்லாம் எட்டு, ஒன்பது சைஸ். எங்கட கால் நாலு, ஐந்து. நுனியில் பஞ்சும் பேப்பரும் அடைந்து, இரண்டு சோடி காலுறை போட்டு ஓடினோம். எங்களோடு ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். வலப்பக்க ஓரத்தில் அவள் பந்தோடு ஓடினால் ஒருவராலும் பிடிக்க ஏலாது. அதுவும் வெறுங்காலோடு, மணலில். பூட்ஸ் போட்டதும் அவள் திரும்புகிற இடமெல்லாம் விழுந்தாள். கால் ஒரு பக்கம் திரும்பும், பூட்ஸ் திரும்பாது. குதிக்காலில் கொப்பளம். ஒரு நாள் கணுக்கால் பிரண்டு வீங்கிப் போனது. பயிற்சி தந்த சேர் சொன்னார், "உமக்கு இது சரிவராது பிள்ளை, படிப்பைப் பாரும்."

அவள் படிப்பைப் பார்த்தாள். இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறாள், சந்தோசம். ஆனால் போன வருசம் சந்தித்தபோது, "எனக்கு விளையாட்டெல்லாம் வராதடி, உனக்குத் தெரியும்தானே" என்றாள். பத்து வருசம் கழிந்தும் நம்புகிறாள். அவள் ஓடியதைக் கண்ணால் கண்ட நானும் அந்த நேரத்தில் நம்பினேன்.

அந்த சேர் கெட்டவர் இல்லை. தன் காசில் எங்களுக்கு குளுக்கோஸ் வாங்கித் தந்த மனிசன். அவருடைய கண்ணுக்கு விழுகிற பிள்ளை தெரிந்தது, மூன்று சைஸ் பெரிய பூட்ஸ் தெரியவில்லை. கருவியை விட ஆளைச் சந்தேகப்படுவது சுலபம். ஆள் பெட்டை என்றால் இன்னும் சுலபம், ஏனென்றால் "பெட்டையளுக்கு இது வராது" என்ற பதில் முதலே தயாராக இருக்கு.

இது எங்கட வறுமையின் கதை மட்டும் என்று நினைக்காதேங்கோ. 2023இல் ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்களின் சங்கம் வெளியிட்ட ஆய்வில், அங்கே உச்ச மட்டத்தில் ஆடுகிற பெண்களில் 82 வீதமானோர் தங்கள் பூட்ஸ் காலுக்கு உறுத்துகிறது என்று சொல்லியிருந்தார்கள். கோடிக்கணக்கில் பணம் புரளுகிற இடத்தில். காரணம் அதேதான்: ஆணின் பாதத்துக்கு அச்சு வார்த்து, அதைச் சுருக்கி, நிறம் மாற்றி, பெண்ணுக்கு விற்பது. பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தின் சின்னப் பிரதி இல்லை. பொதுவாகப் பெண்களுக்கு முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிக்கால் ஒடுங்கியிருக்கும். பெரிய கொம்பனிகள் பெண்ணின் பாதத்தை மனதில் வைத்து பூட்ஸ் செய்யத் தொடங்கியதே அண்மையில்தான்.

கோல்ஃபின் வரலாறும் இதையே சொல்லுது. ஸ்கொட்லாந்தின் சென் அண்ட்ரூஸில் 1754இல் தொடங்கிய கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க வாக்களித்தது 2014இல். கணக்கைப் பாருங்கோ, 260 வருசம். மியூயர்ஃபீல்ட் கிளப் 2016இல் வாக்கெடுத்துப் பெண்கள் வேண்டாம் என்றது, உலகம் காறித் துப்பியதும் 2017இல் சரி என்றது. வாசலிலேயே இவ்வளவு காலம் நிற்க வைத்தவர்களின் உலகம், உள்ளே வந்தவளின் கையளவை எப்போது நினைத்துப் பார்க்கப் போகிறது? கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானும் வேறு ஆளுக்கு அளந்து செய்தது.

கடைசியாக, தலைப்பில் உள்ள கேள்விக்கு நேராக வருகிறேன். அளவெடுத்த மட்டையால் ஒரு பெண் நன்றாக ஆடுவாளா?

மச்சாளைக் கேட்டேன். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. "புள்ளி ஒரே நாளில குறையேல்லையடி" என்றாள். வலப்பக்கம் குறி வைக்கிற பழக்கத்தை மறக்கவே ஒன்றரை மாதம் எடுத்ததாம். முதல் கிழமை முந்தியதை விட மோசமாக அடித்தாளாம். பிறகு பந்து மெல்ல மெல்ல நேராகப் போகத் தொடங்கியது. நாரி நோ போய்விட்டது. இன்னும் பிழை விடுகிறாள், நிறைய. "ஆனா இப்ப பந்து இடப்பக்கம் போனா, நான்தான் என்னவோ பிழையாச் செய்திருக்கிறன் எண்டு தெரியுது. திருத்தலாம். முந்தி எது என்ர பிழை, எது மட்டையின்ர பிழை எண்டே தெரியாது."

எனக்கு இந்தப் பதில் போதும். அளவெடுத்த மட்டை யாருக்கும் ஆட்டம் சொல்லித்தராது. அது செய்கிற வேலை ஒன்றே ஒன்று: உங்கள் பயிற்சி வீணாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும். பயிற்சிதான் முக்கியம் என்று சொல்கிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும். பிழை எங்கே என்று தெரியாமல் ஆயிரம் பந்து அடித்தாலும் அது பயிற்சி ஆகாது.

பழமொழி சொன்னவர்களுக்கும் இதுதான் பதில். அவள் ஆடத் தெரிந்தவளா தெரியாதவளா என்று உங்களுக்கு அறிய வேண்டும் என்றால், முதலில் கூடத்தை நேராக்கி விடுங்கோ. நேரான கூடத்தில் ஆட விட்டு, அவள் விழுந்தால், அப்போது சொல்லுங்கோ. கேட்டுக்கொள்கிறோம். கோணல் கூடத்தில் ஆட விட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதேங்கோ.

இதை வாசிக்கிற நீங்கள் ஒரு பள்ளிக்கூட அணிக்கோ, ஊர் விளையாட்டுக் கழகத்துக்கோ சாமான் வாங்கிக் குடுக்கிற நிலையில் இருந்தால், வெளிநாட்டிலிருந்து காசு சேர்த்து அனுப்புகிற ஆளாக இருந்தால், ஒரே ஒரு வேலை செய்யுங்கோ. ஓடர் குடுக்க முதல் பிள்ளைகளின் கால் அளவைக் கேளுங்கோ. ஒரு தாளும் பேனையும் போதும். துடுப்பு வாங்கும்போது பிள்ளையின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கோ. இருபது சோடி "பொது அளவு" பூட்ஸை விடப் பொருந்துகிற பன்னிரண்டு சோடி மேல். நீங்கள் ஆடுகிற பிள்ளையாக இருந்தால், சாமான் பொருந்தவில்லை என்று சொல்ல வெட்கப்படாதேங்கோ. அது சாட்டு இல்லை.

இதை எழுதி முடித்ததும் இரண்டு பேருக்கு அனுப்பப் போகிறேன். ஒன்று குடும்பக் குறூப்புக்கு, சித்தப்பாவின் பெயரைத் தட்டி. மற்றது அந்த வலப்பக்க ஓரத்தில் ஓடினவளுக்கு. அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயதுதான் ஆகிறது. கால் சைஸையும் கேட்டு எழுதியிருக்கிறேன்.